ஹம்சத்வனியோடு மும்பையில்

திங்கள் இரவு, ரயிலில்

இந்தப் பயணம் முழுக்க ஒரே ஒரு ராகத்தைத்தான் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன்: ஹம்சத்வனி. ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டிவிட்டது. குண்டக்கல் வருவதற்குள் தூங்கிப்போய்விடுவேன். வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால், வேண்டியதையெல்லாம் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டுதான் சென்னையில் ஏறினேன்.

என்ன கேட்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. செம்பூரில் இருக்கும் சித்தி வீட்டில் கொண்டாடப் போகிறேன். பிள்ளையார் என்றால் 'வாதாபி கணபதிம்', 'வாதாபி' என்றால் ஹம்சத்வனி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னுடைய காரணம் அதோடு நிற்கவில்லை.

நம் கச்சேரிகளில் இந்த ராகம் எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். கச்சேரியைத் தொடங்கிவைக்கும் வர்ணத்துக்கு அடுத்து, இல்லாவிட்டால் வர்ணமாகவே, தொடக்கத்தில் வரும். பாடுகிறவருக்குக் குரல் பதமாகிக்கொண்டிருக்கும் நேரம். தாமதமாக வந்தவர்கள் நாற்காலி தேடும் நேரம். ஏழெட்டு நிமிடம், விறுவிறுவென்று நாலு சுற்று ஸ்வரம், கைதட்டல். அப்புறம் தோடியோ காம்போதியோ, ஒரு பெரிய ராகம் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்ளும். ஹம்சத்வனி பக்கம் யாரும் திரும்புவதில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது ஒரு குறை. அந்த ராகத்தில் இருக்கும் வெளிச்சம் ஏழு நிமிடத்தில் தீர்ந்துபோகிற ஒன்றா?

ஊர்ப் பாசமும் உண்டு. நான் திருவாரூர்ப் பக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதர் (1735–1817) உருவாக்கிய ராகம் இது. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் மத்யமத்தையும் (ம) தைவதத்தையும் (த) எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஷட்ஜம் (ச), ரிஷபம் (ரி), காந்தாரம் (க), பஞ்சமம் (ப), நிஷாதம் (நி). ஐந்தே ஸ்வரம். அப்பா செய்த ராகத்தில் மகன் (1775–1835) செய்த கீர்த்தனைதான் 'வாதாபி'. எங்கள் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக் கோயிலில் வாதாபி கணபதி இருக்கிறார். பல்லவப் படை சாளுக்கியரின் வாதாபியை வென்றபோது தளபதி பரஞ்சோதி கொண்டுவந்த பிள்ளையார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பரஞ்சோதியே பிறகு சிறுத்தொண்ட நாயனார் ஆனவர்.

இதே ராகத்துக்கு மும்பையில் வேறொரு வாழ்க்கை அமைந்தது. தெற்கு மும்பையின் பிண்டி பஜாரில் வாழ்ந்த உஸ்தாத் அமான் அலி கான், கர்நாடக சங்கீதத்தை ஆசையோடு கவனித்தவர். ஹம்சத்வனியை இந்துஸ்தானி மேடையில் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர். நம் ஊரில் வாசலிலேயே நின்றுவிடும் ராகம் அங்கே வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்று கேட்கத்தான் இந்த முறை போகிறேன்.

இன்று இரவுக்குப் பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம், நம் ஜி.என்.பி. (1910–1965). அவருடைய 'வாதாபி'யை எத்தனையோ தடவை கேட்டிருந்தாலும், ரயில் ஓடும்போது கேட்டால் தனி ருசி. அந்த பிருகாக்களின், அதாவது ஸ்வரங்களை மின்னலாகச் சுழற்றும் குரல் ஓட்டத்தின், வேகத்தில் ஒரு ஸ்வரம்கூட மங்குவதில்லை. இந்த ராகத்தின் மேல் அவருக்கும் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். 'வரவல்லப ரமண' என்று இதிலேயே தானும் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். அதையும் கேட்டுவிட்டுப் படுக்கிறேன்.

செவ்வாய், சோலாப்பூர் தாண்டி

காலையில் கலபுரகியில் கண் விழித்தேன். கரிசல் பூமி, பச்சைத் துவரைச் செடிகள். இங்கே கேட்க எடுத்தது 1994-இல் வந்த 'மகாநதி' படத்தின் 'ஸ்ரீரங்க ரங்கநாதனின்'. இளையராஜாவின் இசை, வாலியின் வரிகள். வாலி ஸ்ரீரங்கத்துக்காரர், அது பாட்டில் தெரிகிறது.

பிள்ளையாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் ஹம்சத்வனியை என் தலைமுறையின் காதில் நிறைத்த பாட்டு என்று இதைத்தான் சொல்வேன். எஸ்.பி.பி., உமா ரமணன், சிறுமியாக இருந்த ஷோபனா என்று மூன்று குரல்கள். ஆறு, கோயில், குடும்பம் என்று எல்லாம் நிறைந்திருக்கும் ஒரு வாழ்க்கை. அந்த வாழ்க்கை பிறகு என்ன ஆகிறது என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தபின் கேட்டால், இத்தனை சந்தோஷமான ராகம் நெஞ்சைப் பிசைகிறது. ராகத்தில் சோகம் ஒரு துளி இல்லை. கதையை மனசில் வைத்துக்கொண்டு கேட்கிற நமக்குத்தான் அப்படி.

மதியம் லோணாவளா தாண்டி போர் காட் இறக்கம். 1863-இல் திறந்த மலைப்பாதை. மழைக்காலம் என்பதால் பாறைக்குப் பாறை அருவி. குகை, வெளிச்சம், மறுபடி குகை. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். கர்ஜத்தில் வடாபாவ். அப்புறம் கல்யாண், தாணே என்று கட்டடங்கள் நெருங்கத் தொடங்கின. லோக்மான்ய திலக் டெர்மினஸில் சித்தப்பா குடையோடு நின்றிருந்தார்.

புதன், செம்பூர்

காலையில் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு குழந்தை 'ஜலஜாக்ஷி' வர்ணத்தைச் சாதகம் செய்கிற சத்தத்தில்தான் எழுந்தேன். அதுவும் ஹம்சத்வனி! மானம்புச்சாவடி வெங்கடசுப்பய்யர் செய்த ஆதி தாள வர்ணம். சங்கீதம் கற்கும் அநேகம் பேர் இந்த ராகத்துக்குள் நுழைவது இதன் வழியாகத்தான். குழந்தை ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பல் தேய்க்கும்போதே எனக்கு அந்த இடம் மனப்பாடம் ஆகிவிட்டது.

செம்பூர் தமிழருக்கு அந்நியமான இடமே இல்லை. சேடா நகரில் முருகன் கோயில் இருக்கிறது, கச்சேரிக்கு ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. சதுர்த்திக்கு வேண்டிய எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும் சித்தி நேற்றே வாங்கி வைத்திருந்தாள்.

சித்தியின் பூஜையில் 'வாதாபி' கிடையாது. அவள் பாடுவது பாபநாசம் சிவனின் 'மூலாதார மூர்த்தி'. இதுவும் ஹம்சத்வனிதான். ஏன் சித்தி இதையே பாடுகிறாய் என்று கேட்டேன். "எனக்குப் புரியற பாஷைல கூப்பிட்டாத்தான் நான் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றாள். அவள் குரலில் இப்போது கொஞ்சம் கரகரப்பு ஏறியிருக்கிறது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இறங்கிவிடுகிறாள். ஆனால் அந்த ரிஷபத்தை அசைத்து நிறுத்தும் விதம் அப்படியே இருக்கிறது. அவள் திருவாரூரில் பாட்டுக் கற்றுக்கொண்டபோது வந்தது அது.

சாயங்காலம் கட்டடத்தின் கீழே பொது கணபதிக்கு ஆரத்தி. மராத்தி, குஜராத்தி, தமிழ், மலையாளம் என்று எல்லா வீட்டாரும் இறங்கி வந்துவிட்டார்கள். 'சுக்கர்த்தா துக்கஹர்த்தா' தொடங்கியதும் ஜால்ராவும் கைதட்டலும் சேர்ந்துகொண்டன. சமர்த்த ராமதாசர் எழுதியதாகச் சொல்லப்படும் ஆரத்தி அது. சித்தப்பாவின் பேத்தி ஒரு சொல் விடாமல் மராத்தியில் பாடுகிறாள். ஒரு ஆரத்தி முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது என்று அரைமணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே பாடுகிறார்கள். கையில் தாள் வைத்துக்கொண்டு யாரும் பாடவில்லை. பாட்டு நன்றாக வருமா வராதா என்று யாரும் யோசிக்கவில்லை. கூட்டமாகப் பாடுவதை இந்த நகரம் இன்னும் விடவில்லை என்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. லோக்கல் ரயிலிலேயே ஜால்ராவோடு பஜனை பாடிக்கொண்டு வேலைக்குப் போகும் குழுக்கள் உள்ள ஊர் ஆயிற்றே.

1893-இல் திலகர் இந்தப் பண்டிகையை வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தொடங்கிய கிர்காவ் கேசவ்ஜி நாயக் சால் என்ற பழைய அடுக்குக் குடியிருப்பின் கணபதிதான் மும்பையின் மிகப் பழைய பொது கணபதி. அங்கே போக ஆசை இருந்தது. மழை விடவில்லை.

வியாழன், மாட்டுங்கா

சித்தப்பாவோடு குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்கா போனோம். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பூக்கடைகள், வாழையிலை, அரைத்த காப்பிப்பொடி வாசனை. கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சித்தப்பா அதிகம் பேசமாட்டார், ஆனால் பாட்டைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

அவர் எழுபதுகளில் இங்கே வந்தவர். டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஊரில் இருந்தவரை கர்நாடக சங்கீதம் தவிர வேறெதுவும் கேட்டதில்லையாம். இப்போது அவர் அலமாரியில் முக்கால்வாசி இந்துஸ்தானி. எப்படி மாறினீர்கள் என்று கேட்டேன்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா உடம்புக்குத் தூக்கம் வேணும், மனசுக்குப் பாட்டு வேணும். நம்ம பாட்டைப் போட்டா மனசு உடனே தாளம் போட ஆரம்பிச்சுடும், தூக்கம் வராது. கூட வேலை பார்த்த மராத்திக்காரர் ஒருத்தர் இந்துஸ்தானிப் பாடகர் அமீர் கான் கேசட்டைக் கொடுத்தார். இதைக் கேட்டுப் பாரு, தூக்கம் தானா வரும்னார். போட்டேன். கொஞ்சம் நேரத்துல தூக்கமே போயிடுச்சு. எழுந்து உக்காந்து கேட்டேன்."

அந்தக் கேசட்டில் என்ன ராகம் என்றேன்.

"நீ தேடிட்டு வந்த அதே ராகம்தான்பா."

எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிங்ஸ் சர்க்கிள் வழியாக ஷண்முகானந்தா ஹால் வரை நடந்தோம். கௌட சாரஸ்வத பிராமணர்கள் வைக்கும் ஜி.எஸ்.பி. கணபதியைப் பார்க்க வந்த கூட்டத்தில் நடப்பதே பெரும்பாடு. அந்தப் பிள்ளையார் மேல் இருக்கும் தங்கத்தைப் பார்க்கவே பாதிப் பேர் வருகிறார்கள் என்று தோன்றியது. ஷண்முகானந்தா சபை 1952-இல் தொடங்கியது. அரங்கம் 1963-இல் வந்தது. 2,700 இருக்கைகளுக்கு மேல். 1990-இல் தீப்பிடித்து எரிந்து, பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, மறுபடி எழுந்த கட்டடம். பிழைக்க வந்த ஊரில் தமிழர்கள் சங்கீதத்துக்காக இவ்வளவு பெரிய அரங்கம் கட்டியிருக்கிறார்கள். எம்.எஸ். பாடியதையும், பீம்சேன் ஜோஷி பாடியதையும் சித்தப்பா இங்கேதான் கேட்டிருக்கிறார். அந்த ஒரு அரங்கத்தில் இரண்டையும் கேட்க முடிந்ததால்தான் அவருக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றரை நாள் கணபதிகளை இன்று கரைத்துவிட்டார்கள். வழியெங்கும் டோல்–தாஷா மேளம். அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் இடித்துவிடுகிறது.

இரவு சித்தப்பா அமீர் கானைப் போட்டார். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இப்போது எழுதினால் சரியாக வராது.

வெள்ளி, பிண்டி பஜார்

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன். வடாலா, சிவ்டி, காட்டன் க்ரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, அப்புறம் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. இறங்கி நடந்தால் முகம்மது அலி ரோடு மேம்பாலத்தின் நிழல். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அத்தர் கடைகள், தொப்பிக் கடைகள், பழைய கடிகாரம் பழுது பார்ப்பவர்கள். பழைய சால்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு மிக உயரமான கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். சங்கீதத்தின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு தேநீர்க் கடையில் இடம் பிடித்துக்கொண்டு, கேட்கத் தொடங்கினேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வட இந்தியாவிலிருந்து மூன்று சகோதரர்கள் இந்தப் பேட்டைக்குக் குடிவந்தார்கள். சஜ்ஜு கான், நசீர் கான், காதிம் உசேன் கான். அவர்கள் பாடிய பாணிக்குப் பேட்டையின் பெயரே நிலைத்தது: பிண்டி பஜார் கரானா. கரானா என்றால் பாட்டுப் பரம்பரை. மற்ற பல கரானாக்களுக்கு குவாலியர், ஆக்ரா, கிரானா என்று ஊர்ப் பெயர் இருக்கும். இதற்கு மட்டும் ஒரு சந்தைத் தெருவின் பெயர். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. சஜ்ஜு கானின் மகன்தான் அமான் அலி கான்.

இவர்களுடைய பெரிய வித்தை மேருகண்ட். ஒரு ராகத்தின் ஸ்வரங்களை எத்தனை விதமாக வரிசை மாற்றலாமோ அத்தனையும் மனசில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து பாட்டுக்கு வேண்டியதை எடுப்பது. ஏழு ஸ்வரத்துக்கு 5,040 வரிசைகள் வரும். ஐந்து ஸ்வரத்துக்கு 120. ஹம்சத்வனிக்கு ஐந்துதான். 120 என்றால் ஒரு மனுஷன் உட்கார்ந்து முழுக்கப் பாடிப் பழகிவிடக்கூடிய எண்ணிக்கை. இந்தக் கரானாக்காரர்களுக்கு இந்த ராகம் ஏன் கைக்கு வாகாக அமைந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கற்பனாஸ்வரத்தைப் போல ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிச் சர்கமாகப் பாடுவதிலும் இவர்களுக்குப் பிரியம் அதிகம்.

முதலில் கேட்டது அமான் அலி கானின் 'லாகி லகன் பதி சகி சங்' என்ற பந்திஷ், அதாவது இந்துஸ்தானி உருப்படி. பலரும் பாடியிருக்கிறார்கள். நான் கேட்டது ரஷீத் கான் பாடியது. இதில் பிள்ளையாரும் இல்லை, தொடக்கமும் இல்லை. ஒரு பெண் தன் மனசு பற்றிக்கொண்டதைத் தோழியிடம் சொல்கிறாள். அதே ஐந்து ஸ்வரம்தான். 'வாதாபி'யில் கம்பீரமாக நிற்கும் பஞ்சமம் இங்கே வெட்கப்படுகிறது!

அடுத்து 1956. 'பரிவார்' படத்தில் சலீல் சௌத்ரி இசையமைத்த 'ஜா தோசே நஹீ போலூ கன்ஹையா'. லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும். சலீல் சௌத்ரியை நமக்கு 'அழியாத கோலங்கள்' வழியாகத் தெரியும். கண்ணனோடு ஒரு பெண் போடும் சண்டை, அதுவும் ஹம்சத்வனியில். லதா 1945-இல் மும்பைக்கு வந்தபின் பாட்டுக் கற்றுக்கொண்டது இதே அமான் அலி கானிடம். அவர் 1953-இல் காலமாகிவிட்டார். தன் சிஷ்யை தனக்குப் பிரியமான ராகத்தில் இப்படி ஒரு பாட்டுப் பாடியதை அவர் கேட்கவில்லை.

இனி அமீர் கான். இந்தோரில் வளர்ந்தவர் (1912–1974). அமான் அலி கானின் பாட்டு அவரை ஆழமாகப் பாதித்தது. மேருகண்ட் அவர் பாட்டின் உயிர். அவர் எடுத்துக்கொள்வது அமான் அலியின் 'ஜெய் மாத்தே விலம்ப் தஜ் தே'. தாயே, தாமதம் வேண்டாம் என்கிற வேண்டுதல். அந்த வேண்டுதலை அவர் எந்த அவசரமும் இல்லாமல் பாடுகிறார். நிஷாதத்துக்கு வருகிறார், அங்கே நிற்கிறார். ஷட்ஜம் பக்கத்திலேயே இருக்கிறது, நம் காது அங்கே போய்விடத் துடிக்கிறது. அவர் போவதில்லை. பஞ்சமத்துக்கு இறங்கி, அங்கிருந்து ரிஷபத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி நிஷாதத்துக்கே வருகிறார். ஹம்சத்வனியில் இத்தனை இடம் இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. மத்யமமும் தைவதமும் இல்லாத அந்த இரண்டு இடைவெளிகளையும் நம்மவர்கள் தாண்டிக் குதிப்பார்கள், அந்தத் துள்ளல்தான் நமக்கு அழகு. அமீர் கான் அந்த இடைவெளிகளைக் குரலால் இழைத்துக் கடக்கிறார்.

அப்புறம் தரானா: நம் தில்லானா போல, பெரும்பாலும் பொருளில்லாத சொற்கட்டுகளால் ஆனது. நடுவில் ஒரு பாரசீக ஈரடி வருகிறது: 'இத்திஹாதேஸ்த் மியானே மன்-ஓ-தூ'. எனக்கும் உனக்கும் நடுவே இருப்பது ஒருமை, நான், நீ என்று நமக்கிடையே ஒன்றுமில்லை. திருவாரூரில் ஒரு தீட்சிதர் செய்த ராகம். அதை மும்பையில் ஒரு உஸ்தாத் எடுத்து அம்மன் மேல் பாட்டுக் கட்டினார். அதன் பின்னால் இன்னொரு உஸ்தாத் ஒரு பாரசீக ஈரடியைப் பாடினார். இவர்களில் யாரும் இதை ஒரு சாதனையாக அறிவித்துச் செய்யவில்லை. ராகம் அழகாக இருந்தது, பாடினார்கள்.

தேநீர்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தலையை ஆட்டி, இன்னொரு கட்டிங் சாய் வைத்துவிட்டுப் போனார்.

சனி, தாராவி

இன்று சித்தியின் மருந்து வாங்குவது, வங்கி வேலை என்று பாதி நாள் போய்விட்டது. மதியத்துக்கு மேல் சித்தப்பாவின் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்க சயானில் இறங்கித் தாராவிக்குள் போனேன். தொண்ணூறு அடி ரோட்டில் பாதிப் பெயர்ப்பலகைகள் தமிழில். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

நண்பர் வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். அவன் கேட்பது ராப். தாராவியின் டோப்பேடெலிக்ஸ் குழு 2018-இல் 'காலா' படப் பாட்டுகளில் பாடியது அவனுக்குப் பெருமை. "அண்ணா, எங்க ஏரியாவைப் பத்தி மத்தவங்க படம் எடுத்தாங்க, எழுதினாங்க. இதுல எங்க ஆளுங்களே பேசுறாங்க, அதான் கேக்குறேன்" என்றான். இதைவிடத் தெளிவாக ஒருவர் தன் பாட்டுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது. அவன் போட்டுக் காட்டிய நாலு பாட்டையும் முழுக்கக் கேட்டேன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் ஒரே வரியில் தடையில்லாமல் ஓடுகின்றன. எனக்கு அந்தத் தாளக்கட்டு பழக இன்னும் நாள் ஆகும். ஆனால் சொற்களின் வேகம் இப்போதே பிடித்துவிட்டது.

பதிலுக்கு என்னுடையதைக் கேட்டான். அமீர் கானை எடுக்காமல் 'ஸ்ரீரங்க ரங்கநாதனின்' போட்டேன். முன்னறையில் உட்கார்ந்திருந்த அவன் தாத்தா எழுந்து வந்துவிட்டார்.

"எந்தூரு தம்பி?"

"திருவாரூர்ப் பக்கம், அண்ணாச்சி."

"எங்களுக்குத் தாமிரபரணி. இந்தப் பாட்டுல வர்றது உங்க ஆறு. ஆனா கேக்கும்போது எனக்கு எங்க படித்துறைதான் தெரியுது."

முழுப் பாட்டும் முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். அவர் ஊருக்குப் போய் ரொம்ப வருஷம் ஆயிற்றாம். பையன் இந்தப் பாட்டை இதுவரை கேட்டதே இல்லை. தாத்தாவுக்குத் தெரிந்த பாட்டு என்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கைபேசியில் ஏற்றிக்கொண்டான்.

ஞாயிறு, செம்பூர்

ரயில் இரவில்தான். காலையில் மேல்வீட்டு அம்மா வந்தார். சித்தி அவரைத் தாயீ (மராத்தியில் அக்கா) என்கிறாள், அவர் சித்தியை வஹினி (அண்ணி) என்கிறார். முப்பது வருஷப் பழக்கம். தாயீ இளம் வயதில் இந்துஸ்தானி கற்றவர். நான் பிண்டி பஜார் போய்வந்ததைச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதனால் தம்பூரா செயலி உள்ள கைபேசியோடு இறங்கி வந்துவிட்டார்.

தாயீ 'லாகி லகன்' பாடினார். சித்தி 'மூலாதார மூர்த்தி' பாடினாள். பக்கத்தில் பக்கத்தில் கேட்டபோதுதான் வித்தியாசம் முழுசாகத் தெரிந்தது. சித்தியின் ரிஷபம் ஒரு இடத்தில் நிற்காது, மேலும் கீழும் தொட்டு அசையும். தாயீயின் ரிஷபம் நேராக, சுத்தமாக நிற்கும். ஆனால் அதற்குப் போகும் வழி வளைந்து இழையும். நாம் ஸ்வரத்தையே அசைக்கிறோம், அவர்கள் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் வழியை அழகாக்குகிறார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், பாட்டாகக் கேட்க நம்முடையது, ராகமாகத் தங்கியிருக்க அவர்களுடையது. இந்த வாரம் முழுக்கக் கேட்டபின் இப்படித்தான் தோன்றுகிறது. சித்தப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாடகர் எம்.டி. ராமநாதனை விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், கேட்காமல் இப்படிச் சொல்லாதே என்றார். கேட்க வேண்டிய பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு தாயீ ஒரு விளையாட்டை ஆரம்பித்தார். சித்தி ஒரு சுற்று ஸ்வரம் பாட வேண்டும், அதற்குத் தாயீ சர்கத்தில் பதில் சொல்ல வேண்டும். சித்தி வழக்கம்போல ஆதி தாளத்தில் விறுவிறுவென்று போனாள். தாயீ கையைத் தூக்கி நிறுத்தினார்.

"வஹினி, கொஞ்சம் மெதுவா." தாயீக்கு இந்த அளவு தமிழ் வரும்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா பிள்ளையார் தூங்கிடுவார்" என்றாள் சித்தி.

ஆனாலும் குறைத்தாள். காலத்தைப் பாதியாக்கி, நிஷாதத்தில் வந்து நின்றாள். அவள் அங்கே நின்று நான் கேட்டதே இல்லை. தாயீ அந்த நிஷாதத்தை வாங்கிக்கொண்டு பஞ்சமத்துக்கு இழைத்து இறக்கினார். சித்தி அங்கிருந்து ரிஷபத்தை எடுத்தாள், நம் பாணியில் அசைத்து. குக்கர் சத்தம் போட்டபோது சித்தப்பா எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அரைமணி நேரத்துக்கு மேல் போனது.

கிளம்பும்போது தாயீயும் நானும் பாட்டை மாற்றிக்கொண்டோம். நான் கொடுத்தது ஜி.என்.பி.யின் 'வரவல்லப ரமண'. ஒரு பாடகர் ஒரு ராகத்தின் மேல் வைத்த பிரியத்தால் தானே கீர்த்தனை செய்துகொண்டார் என்பதால் இதைக் கேளுங்கள் என்றேன். தாயீ கொடுத்தது கிஷோரி அமோன்கர் பாடிய ஹம்சத்வனி, 'ஆஜ் சஜன் சங் மிலன்'. கிஷோரி இந்த ஊர்க்காரர், 2017 வரை இங்கேயே வாழ்ந்தவர். பிண்டி பஜார் கரானாவின் அஞ்சனிபாய் மால்பேகரிடமும் கற்றவர். தாயீ சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன், இன்றிரவு இதைக் கேட்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

"சஜன் (காதலன்) வரப்போகிறான் என்பது பாட்டு. வந்துவிட்டான் என்று அவர் எங்கேயும் பாடவில்லை. எந்த ஸ்வரத்தில் காத்திருக்கிறார் என்று கவனித்துக் கேள்."